முதல் வரிசையில் தங்கை

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் சுவிட்சர்லாந்தில், சோலோதுர்ன் நகரில், ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அங்கே மேல்மாடியில் இருந்த ஒருவரை நாங்கள் எல்லாரும் அமைச்சர் என்றுதான் சொல்லுவோம். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான். அவருக்கு அது பிடிக்கும். உண்மையிலேயே அவர் ஒரு காலத்தில் அமைச்சராக இருந்தவர். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிச ஆட்சி விழுந்த ஒரு நாட்டில், அரசாங்கத்தின் தொழிற்சாலைகளைத் தனியாருக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை அவருடையது. பிறகு, மாற்றிக் கொடுத்தவற்றில் சிலதுக்குத் தானே முதலாளியானார். அதற்கும் பிறகு பாராளுமன்றம். கடைசியில் நடுங்கும் கைகளோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். பார்க்கின்சன் நோய். மகன் லண்டனில் இருந்தான். கிறிஸ்மஸுக்கு ஒரு பூந்தொட்டி அனுப்புவான்.

அவரைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துவது பெரும்பாலும் என் பங்குக்குத்தான் வந்தது. நான் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து அகதியாக வந்தவள். இந்த வேலைக்கு வந்து கனகாலம். தொடக்கத்தில் யாராவது செத்தால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்து அழுவேன். இப்போது அழுவதில்லை. எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போன காலில் ஊசி குத்தினால் குத்துவது தெரியும், நோகாது. அப்படித்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழுதுகொண்டிருப்பவளால் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்க முடியாது.

இல்லத்தின் சமையலறையில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வேலை செய்கிறார். இளமையில் இடதுசாரிக் கட்சிக் கூட்டங்களுக்குப் போய் உண்டியல் குலுக்கியவர். அமைச்சர் யாரென்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குப் பொறுக்கவில்லை.

“உந்தாள் ஆரெண்டு தெரியுமோ உனக்கு? ஒரு நாட்டையே வித்துத் திண்ட ஆள். நீ போய் அந்தாளுக்குக் காலுக்கு கிரீம் பூசுறாய்.”

“கால் வெடிச்சிருக்கு அண்ணை. பூசாட்டி நோகும்.”

“நோகட்டும்.”

வாய்தான் அப்படி. அமைச்சருக்கு விழுங்கக் கஷ்டம் என்று நான் சொன்ன நாளிலிருந்து அவருடைய உருளைக்கிழங்கை மட்டும் இயந்திரத்தில் போடாமல் தன் கையாலேயே மசித்து அனுப்பினார். ஒரு கட்டி இருக்காது. அதைப் பற்றி நான் ஏதும் சொன்னால் கோபம் வரும் என்பதால் சொல்லவில்லை.

அமைச்சருக்கு ஒரு தங்கை இருந்தாள். அவர்கள் பிறந்த ஊரிலேயே இருந்தாள். ஆண்டுக்கணக்காக அவரோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோப்பி குடித்து முடிந்ததும் அவர் அவளுக்குத் தொலைபேசி எடுப்பார். கை நடுங்குவதால் இலக்கத்தை அமத்துவதும், அவருடைய வாய்க்குப் பக்கத்தில் போனைப் பிடிப்பதும் என் வேலை. சத்தம் வெளியே கேட்கும்படி வைப்பேன். மணி அடிக்கும். அவள் எடுப்பாள். ஹலோ சொல்லமாட்டாள். ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் வரும். பின்னால் எங்கோ ஒரு நாய் குரைக்கும். இவர் தன்னுடைய மொழியில் கொஞ்ச நேரம் கதைப்பார். முடிந்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். நான் வைத்துவிடுவேன். அவள் ஒருநாளும் முதலில் வைத்ததில்லை.

“என்ன சொன்னீர்கள்?” என்று முதல் தடவை கேட்டேன்.

“இங்கே பனி பெய்கிறது என்று சொன்னேன். மலை வெள்ளையாக இருக்கிறது என்று சொன்னேன். மருந்தை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன்.” அவருடைய ஜெர்மன் தடித்த ஜெர்மன், ஒவ்வொரு சொல்லையும் மேசையில் வைப்பதுபோல வைத்துக் கதைப்பார். “நான் சாவதற்கு முன் அவள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். என்ன வார்த்தை என்றாலும் சரி. திட்டினாலும் சரி. எனக்கு இனி வேண்டியது அவ்வளவுதான்.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிறு லீவு எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்ட மகளுக்கு, ஞாயிறு வேலைக்குச் சம்பளம் கூட என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

தங்கை ஏன் கதைப்பதில்லை என்பதை அவர் ஒரு காலையில் சவரம் செய்துவிடும்போது சொன்னார். நானாகத் தோண்டவில்லை. முகத்தில் நுரையைப் பூசிவிட்டு ஒருவரின் கன்னத்தை இழுத்துப் பிடித்தால் மனிதர்கள் எதையாவது சொல்லத் தொடங்குவார்கள். இது என் அனுபவம்.

“என் நாட்டில் அப்போது எல்லாம் அரசாங்கத்துடையது,” என்றார். “ஆலை, கடை, பேக்கரி, சலூன், எல்லாம். எல்லாருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை. கூரை ஒழுகினாலும் யாரும் ஓடு மாற்றமாட்டார்கள். அதைச் சொந்தக்காரர்களிடம் கொடுக்கவேண்டும். யாராவது செய்யத்தானே வேண்டும்? நான் செய்தேன்.”

எப்படிச் செய்தார் என்பதையும் விளக்கினார். ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு பங்குச் சீட்டுப் புத்தகம் கொடுத்தார்களாம். அதை வைத்து எந்த ஆலையிலும் பங்கு எடுக்கலாம். சனத்துக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. சிலர் ஒரு போத்தல் சாராயத்துக்குக் கொடுத்தார்கள். அதனால் முதலீட்டு நிதியம் என்று சில தொடங்கப்பட்டன. உங்கள் சீட்டை எங்களிடம் தாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அவற்றின் பேச்சு. அவர் பிறந்த ஊரில் ஒரு பெரிய நூற்பாலை. ஊரில் பாதிப்பேர் அதில்தான் வேலை. தங்கையும் அங்கேதான். அந்த ஆலையின் தொழிலாளர்கள் தங்கள் சீட்டுகளையெல்லாம் ஒரே நிதியத்திடம் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் வைத்தார்கள். அமைச்சரே தலைநகரிலிருந்து போனார்.

“நீங்கள் இதை விளங்கிக்கொள்ளவேண்டும்,” என்றார். “அந்த மண்டபத்தில் அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கை உயர்த்தியவர்கள். கட்சி கேட்டால் உயர்த்தவேண்டும். எதற்கு என்று பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ளவன் உயர்த்துகிறானா என்றுதான் பார்ப்பார்கள். கட்சி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஆனால் அன்றைக்கு முதல் கை யாருடையது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முன்பு கட்சிச் செயலாளர் உயர்த்துவார். இப்போது அவர் இல்லை. ஆகவே நான் என் தங்கையை முதல் வரிசையில் உட்காரவைத்தேன்.”

நான் பிளேடைக் கழுவினேன்.

“சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். முழு மண்டபமும் அவளுடைய தோளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள். உயர்த்தினாள். அவ்வளவுதான். பின்னால் எல்லாக் கைகளும் மேலே போயின.”

எங்கள் ஆட்களுக்கு இது நன்றாக விளங்கும். இங்கே கோயில் சங்கத்தின் பொதுக்கூட்டத்திலும் தலைவருடைய மச்சான் கையைத் தூக்குகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். பிறகு வெளியே வந்து பத்துப்பேர் பத்துவிதமாகக் கதைப்பார்கள். நான் அதை நினைத்தேனே தவிர அவரிடம் சொல்லவில்லை.

அந்த நிதியம் அவருடைய நண்பருடையது. அமைச்சர் பதவியை விட்டதும் நண்பர் அதை அவருக்கு விற்றார். அன்றைய சட்டத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை. சட்டத்தை எழுதியவரும் அவர்தான். புது முதலாளியாக அவர் கணக்குப் பார்த்ததில் ஆலையை நடத்துவதைவிட இயந்திரங்களைக் கழற்றி வேறு நாட்டுக்கு விற்பதும், நிலத்தைத் தனியாக விற்பதும் லாபம் என்று தெரிந்தது. ஆலை பூட்டப்பட்டது. யாரும் தலைநகருக்கு வந்து அமைச்சரின் வாசலில் கத்தவில்லை. அவர் தலைநகரில் இருந்தார், கண்முன்னால் ஊரில் இருந்தது முதல் கை உயர்த்திய தங்கை. பேக்கரியில் பாணுக்கு அவள் வரிசையில் நின்றால் அவளுக்குப் பின்னால் யாரும் நிற்கமாட்டார்களாம். கொஞ்சம் தள்ளி நின்று, அவள் வாங்கிக்கொண்டு போனபிறகு வருவார்களாம். பிறகு அவளும் வேலை தேடி எங்கோ வெளிநாடு போய்த் திரும்பி வந்தாள் என்று கேள்வி. எந்த நாடு என்று அவருக்குத் தெரியாது.

“நாடு முழுக்க எத்தனையோ ஆலைகள்,” என்றார். “சிலது இன்றைக்கும் நன்றாக ஓடுகின்றன. அதை யாரும் சொல்லமாட்டார்கள்.”

முகத்தைத் துடைத்துவிட்டேன். வழுவழுவென்று சிவந்துபோய், குளித்த குழந்தைபோல இருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன். வரவில்லை.

சமையலறை அண்ணைக்குச் சொன்னேன். அவருக்கு என் பங்குக்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“சொந்தத் தங்கச்சியைத் தூண்டிலில குத்தின புழு மாதிரி வச்சிருக்கிறான். ஒரு மன்னிப்பு கின்னிப்பு சொன்னானோ?”

“இல்லையெண்டு நினைக்கிறன். பனி பெய்யுது எண்டுதான் சொல்லுறார்.”

“பனி பெய்யுதாம் பனி! செய்ததுக்கு வருந்திறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லு. அவள் வாய் திறப்பாள். பொம்பிளையளுக்கு அது ஒண்டே காணும்.”

“ஓம், உங்களுக்குப் பொம்பிளையளைப் பற்றித் தெரியாததோ,” என்றேன். அவருடைய மனைவி அவரை விட்டுப் போய் நொஷாட்டல் நகரத்தில் இருக்கிறார். சொன்ன பிறகுதான் கொஞ்சம் கூடிப்போனது தெரிந்தது. அவர் சிரித்துவிட்டுப் பானையைத் தேய்க்கப் போனார்.

அந்த இலையுதிர் காலத்தில் அமைச்சரின் குரல் போகத் தொடங்கியது. இந்த நோயில் அது வரும். அவர் கத்துவதாக நினைத்துக் கதைப்பார், வெளியே காற்றுத்தான் வரும். ஒரு ஞாயிறு போனை வாய்க்குள் விடாத குறையாகப் பிடித்தும் பயனில்லை. அவர் கண்ணால் போனைக் காட்டி, பிறகு என்னைக் காட்டினார்.

“நீங்கள் சொல்லுங்கள்,” என்று உதடு அசைந்தது.

“எனக்கு உங்கள் மொழி தெரியாதே.”

“ஜெர்மனில் சொல்லுங்கள்.”

“உங்கள் தங்கைக்கு விளங்குமா?”

அவர் தோளை அசைத்தார். விளங்காது என்பதுதான் அவர் எண்ணம். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ரஷ்ய மொழிதானாம். ஆனாலும் என் குரலாவது தன் அறையிலிருந்து போகட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் அவருடைய உதட்டுக்குக் காதைக் கொடுத்துக் கேட்டு, ஒவ்வொன்றாக ஜெர்மனில் சொன்னேன். உங்கள் அண்ணா சொல்கிறார், மூடுபனி இறங்கிவிட்டதாம். உங்கள் அண்ணா சொல்கிறார், அம்மாவின் கல்லறையில் இருக்கும் மரத்தை வெட்டவேண்டாமாம்.

மறுபக்கத்தில் மூச்சு. நாய்.

சுவரோடு கதைப்பது எனக்குப் பழக்கம்தான்; எங்கள் இல்லத்தில் பாதிப்பேர் பதில் சொல்வதில்லை. அவர் சொல்லித் தீர்ந்ததும் நான் என் பாட்டில் ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். வேலை மாறும்போது அடுத்தவளுக்குச் சொல்வதுபோல. இன்றைக்கு உருளைக்கிழங்கு பாதி சாப்பிட்டார். குளிக்க மாட்டேன் என்று அடம். நேற்று இரவு நல்ல நித்திரை. என்னை ஒருதரம் பார்த்து, வேலையை விட்டு நீக்கிவிடுவேன் என்று மிரட்டினார், நான் சரி சேர் என்றேன். யாருக்கும் விளங்காது என்ற தைரியத்தில் நான் அப்படிக் கதைத்துக்கொண்டேயிருந்தேன். அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

கடைசிக்கு முந்திய ஞாயிறு, நான் ஒன்றும் சொல்லாமலே, அண்ணை சொன்ன அந்தச் சொல்லை அவர் சொன்னார். அதற்குள் அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. என் காதில் அந்தக் காற்று இரண்டுதரம் பட்டபிறகுதான் விளங்கியது.

“செய்ததற்கு வருந்துகிறேன் என்று சொல்லுங்கள்.”

சொன்னேன். “உங்கள் அண்ணா செய்ததற்கு வருந்துகிறார். உங்களை முதல் வரிசையில் உட்காரவைத்ததற்கு.” அந்தக் கடைசித் துண்டு என்னுடையது. அவர் மறுக்கவில்லை.

நான் காத்திருந்தேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், வைத்தியர் முகத்தைப் பார்ப்பதுபோல. மூச்சு கொஞ்சம் கனத்ததுபோல எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். நாய்கூட அன்றைக்குக் குரைக்கவில்லை. வெகுநேரம் போனதும் அவர் தலையை ஆட்டினார். நான் வைத்தேன். அவருடைய கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைத்தேன். இந்த நோயில் கண்ணில் நீர் தானாகவும் வடியும், அதனால் அது அழுகைதானா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

“அப்ப உது சரிவரேல்லை,” என்றார் சமையலறை அண்ணை. உண்மையாகவே கவலைப்பட்டார். அன்று பின்னேரம் பழக்கூழ் ஒரு கிண்ணம் மேலே அனுப்பினார். அமைச்சர் ஒரு கரண்டிதான் எடுத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் நினைவில் இல்லை. ஆனாலும் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் அண்ணா தூங்குகிறார் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் போனை அவருடைய மூச்சுக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டு பக்கமும் மூச்சு. நடுவில் நான் கையில் போனோடு நின்றேன். எதையாவது உணர்ந்தேனா என்று கேட்டால், தோள் நொந்தது.

வியாழக்கிழமை காலையில் அவர் போய்விட்டார். நான்தான் கழுவினேன். ஜன்னலைத் திறந்துவைத்தேன், உயிர் வெளியே போக அப்படிச் செய்வது இங்கத்தைய வழக்கம். மகன் வந்து, குறைவாகக் கதைத்து, இங்கேயே தகனத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். அத்தையோடு தனக்குப் பழக்கமில்லை என்றான். தங்கைக்கு யார் அறிவிப்பது என்ற கேள்வி வந்தபோது பொறுப்புத் தாதி, “நீயே சொல்லிவிடு, உனக்குத்தான் அவளைத் தெரியும்,” என்றார். எனக்கு அவளுடைய மூச்சைத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அந்த அறைக்குப் போனேன். கட்டிலின் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். மெத்தையின் நீல உறை தெரிந்தது. நாற்காலியில் இருந்துகொண்டு இலக்கத்தை அமத்தினேன். எடுத்தாள். மூச்சு.

“உங்கள் அண்ணா வியாழக்கிழமை காலையில் இறந்துவிட்டார்,” என்றேன். “வலி இருக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.”

என் கடமை முடிந்தது என்று நினைத்து வைக்கப்போனேன்.

“டெக்குபிட்டுஸ் இருந்ததா?” என்றது போன்.

ஒரு கிழவியின் கரகரத்த குரல். ஜெர்மன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் வரும் புண்ணுக்கு எங்கள் தொழிலில் சொல்லும் சொல் அது. வெளியாட்கள் அதைச் சொல்லமாட்டார்கள். நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவள் மறுபடி கேட்டாள்.

“புண் இருந்ததா? இடுப்பில்? குதிக்காலில்?”

“இல்லை,” என்றேன். “எங்கேயும் இல்லை.”

“யார் புரட்டிப் படுக்கவைத்தது?”

“நாங்கள். கூடுதலாக நான்.”

“நல்ல வேலை செய்திருக்கிறாய்.”

அதன்பிறகு அவள் சொன்னாள்: “ஆலை பூட்டின பிறகு நான் வியன்னாவுக்குப் போனேன். கிழவர்களின் வீடுகளில் தங்கி அவர்களைக் கழுவினேன். முதுகு முறியும்வரை கழுவினேன். எல்லாரும் வேறு யாரோ பெண்களுடைய அண்ணன்மார்.”

வியன்னாவிலும் ஜெர்மன்தான். அப்படியென்றால் அந்த ஞாயிறுகளில் நான் சொன்ன ஒவ்வொன்றும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. உருளைக்கிழங்கு, குளிப்பு, அடம், எல்லாம். முதல் வரிசை என்று நான் சேர்த்துச் சொன்ன துண்டும்தான். என் முகம் சூடாகியது. அது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு.

“நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அதுவும் அவள்மேல். “அவர் அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஒரேயொரு வார்த்தை.”

“எந்தக் கேள்விக்குப் பதிலாக?” என்றாள். “பனி பெய்கிறது என்றான். மலை வெள்ளை என்றான். வருந்துகிறேன் என்றான். எல்லாம் சொன்னான். நீ எப்படி இருக்கிறாய் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நானும் ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுத்தேன்.”

நான் அந்த ஞாயிறுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அவருடைய உதட்டிலிருந்து என் காதுக்கு ஒரு கேள்விகூட வந்ததில்லை. என் வாயிலிருந்தும் போனதில்லை.

“நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

மறுபக்கத்தில் நாற்காலி ஒன்றை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் தொடங்கினாள். முழங்கால் இரண்டும் போய்விட்டதாம். மாடிப்படி இறங்க முடியாததால் நாயை வெளியே கூட்டிப்போகப் பக்கத்து வீட்டுப் பெண் வருகிறாளாம். முன்பு பேக்கரியில் தள்ளி நின்றவள்தானாம். அந்தப் பெண்ணுக்கும் முழங்கால் வலியாம். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் அழுதுகொண்டு, வெறும் மெத்தைக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.